பேஸ்பால் அட்டையும் தெருமுனைக் கடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் சின்ன வயதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேஸ்பால் அட்டைக்கு வந்துவிடுவார். எந்தக் கடை, கல்லாவில் யார் உட்கார்ந்திருப்பார், எந்த ஆட்டக்காரரின் அட்டை கடைசிவரை கிடைக்கவேயில்லை, எல்லாம் நேற்று நடந்ததுபோல் சொல்வார். நான் இந்த அட்டைகளைச் சேர்ப்பவன் என்று தெரிந்த நாளிலிருந்து இங்கே இருக்கும் நம் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன்.

முக்கால்வாசிப் பேர் ஏல விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். கையில் சில்லறையோடு கல்லாவுக்கு எதிரே நின்ற பையனைத் தெரிந்துகொண்டால்தான் அந்த விலை ஏன் வந்தது என்று புரியும். அதனால் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

பேஸ்பால் கார்டுன்னா என்ன? சீட்டுக்கட்டு மாதிரி விளையாடுறதா?

சீட்டுக்கட்டு இல்லை. முன்பக்கம் ஒரு ஆட்டக்காரரின் படம், பெயர், அணி. பின்பக்கம் அவர் பிறந்த ஊர், உயரம், எடை, போன வருடம் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார் என்ற கணக்கு. பல வருடங்களில் ஒரு மூலையில் சின்னக் கேலிச்சித்திரமும் இருக்கும். 1957 முதல் இன்றுவரை வழக்கமான அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். சட்டைப்பையில் அடங்கிவிடும்.

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண் உண்டு. ஒரு வருடத்து அட்டைகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு செட். 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட செட்டில் 407 அட்டைகள், 1987இல் 792. தொலைக்காட்சியில் எல்லா ஆட்டமும் வராத காலத்தில் வெளியூர் ஆட்டக்காரரின் முகத்தை ஒரு பையன் பார்த்ததே இந்த அட்டையில்தான். பேட்டிங் சராசரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தே தசமம் கற்றுக்கொண்டேன் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம்பக்கூடிய பேச்சுதான்.

நம்ம ஊர்ல டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டு வெச்சுக்கிட்டு சுத்துவோமே, அது மாதிரிதானே அண்ணா?

பாசம் அதே மாதிரிதான். ஆனால் அந்த மல்யுத்தச் சீட்டைப் பெரும்பாலும் கட்டாக வாங்கினோம். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று வாங்கும்போதே தெரியும். உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று ஒப்பிட்டு ஆடுவதற்காகவே அச்சிட்டது அது.

பேஸ்பால் அட்டையில் உள்ளே யார் என்று யாருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. ஒட்டிய பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்த பிறகுதான் தெரியும். கடை, காசு, பண்டமாற்று, ஏமாற்றம், பின்னாளில் வந்த விலை எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை.

எந்தக் கடையில வித்தாங்க? இதுக்குன்னு தனிக் கடை இருந்துச்சா?

1970கள் வரைக்கும் அநேகமாக இல்லை. இது ஒரு மிட்டாய்ச் சரக்கு, மிட்டாய் விற்ற இடத்திலெல்லாம் விற்றது. நியூயார்க்கில், குறிப்பாக புரூக்ளினிலும் பிராங்ஸிலும், தெருவுக்குத் தெரு ஒரு மிட்டாய்க்கடை இருந்தது. பெரும்பாலும் யூதர்களோ இத்தாலியர்களோ குடும்பமாக நடத்தியவை. விடிகாலையில் செய்தித்தாள் கட்டுகளைப் பிரிப்பதில் ஆரம்பித்து இரவு வரை திறந்திருக்கும். சிகரெட், சுருட்டு, சோடா, ஐஸ்கிரீம், காமிக்ஸ், பென்சில் எல்லாம் கிடைக்கும். சின்ன ஊர்களில் மருந்துக்கடை, மளிகைக்கடை, சில்லறைச் சாமான்கள் விற்கும் உல்வொர்த் மாதிரிக் கடைகள். பிறகு செவன் இலெவன் போன்ற கடைகளும் சேர்ந்துகொண்டன.

அட்டை பாக்கெட்டுகள் ஒரு காகிதப் பெட்டியில் வரும். பெட்டியின் மூடியை மடித்து நிமிர்த்தினால் அதுவே விளம்பரப் பலகை. அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில், எட்டு வயதுப் பையனின் கண்ணுக்கு நேராக வைப்பார்கள். 1980களின் பெட்டியில் 36 பாக்கெட் இருக்கும். மேலே இருப்பதை எடுப்பதா, அடியில் இருப்பதை உருவுவதா என்பது பையன்களுக்கு ஜீவ மரணப் போராட்டம். அடியில்தான் நல்ல அட்டை இருக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. பாக்கெட்டை ஓரமாக அழுத்தி, மெழுகுத்தாள் வழியே அடியிலிருக்கும் அட்டையின் நிழலைப் பார்க்க முயன்றவர்களும் உண்டு. “எடுத்தா வாங்கணும், தடவிப் பாக்கக் கூடாது” என்று கடைக்காரர் அதட்டியதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

புதிய வருடத்து அட்டை வந்துவிட்டதா என்பது அந்தக் கடைக்குப் போனால்தான் தெரியும். வசந்தகாலம் தொடங்கும்போதே பள்ளி விட்டதும் கடையை எட்டிப் பார்ப்பார்கள். முதலில் பார்த்தவன் தெருவில் ஓடிப்போய் மற்றவர்களிடம் சொல்வான்.

ஒரு பாக்கெட் என்ன விலை? சின்னப் பசங்க கையில காசு ஏது?

1950களின் தொடக்கத்தில் ஒரு சென்ட்டுக்கு ஒரே ஒரு அட்டை உள்ள பாக்கெட்டும், ஐந்து சென்ட்டுக்கு ஐந்தாறு அட்டைகள் உள்ள பாக்கெட்டும் இருந்தன. 1970இல் பத்து சென்ட்டுக்குப் பத்து அட்டை. 1987இல் 40 சென்ட்டுக்குப் பதினேழு. இந்த முப்பத்தைந்து வருடங்களில் எந்த வருடத்திலும் ஒரு குழந்தையின் சொந்தக் காசுக்கு எட்டாத விலை இருந்ததில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. அப்பா அம்மாவைக் கேட்காமல், தானே தேர்ந்தெடுத்து, தானே காசு கொடுத்து ஒரு பையன் வாங்கிய முதல் சாமான் பலருக்கும் இதுதான்.

காசு வந்த வழிகள் பல. வாராவாரம் வீட்டில் கொடுக்கும் கைச்செலவு, செய்தித்தாள் போட்டுச் சம்பாதித்தது, பக்கத்து வீட்டுப் பனியை அள்ளிக் கிடைத்தது. எனக்குப் பிடித்தது காலி சோடா பாட்டில் வழி. அந்தக் காலத்தில் சின்ன பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும். கட்டட வேலை நடக்கும் இடம், பூங்கா, ரயில் பாதை ஓரம் எல்லாம் தேடி மூன்று பாட்டில் பொறுக்கிக் கடைக்குக் கொண்டுபோனால் ஒரு பாக்கெட் அட்டையும் மிச்சம் ஒரு சென்ட்டும் தேறும். பாட்டிலை வாங்குகிறவரும் அட்டையை விற்கிறவரும் ஒரே கடைக்காரர். அதனால் பல நாள் காசு கைமாறக்கூட வேண்டியிருக்கவில்லை.

அதுல பபிள் கம் எதுக்கு? கார்டுக்கு கம் இலவசமா, கம்முக்கு கார்டு இலவசமா?

ஆரம்பத்தில் கம்முக்குத்தான் அட்டை. அதற்கும் முன்பு சிகரெட்டுக்கு. 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தார்கள். வெற்று அட்டை எதற்கு என்று அதில் நடிகைகள், ஆட்டக்காரர்கள் படத்தை அச்சிட்டார்கள். கடையிலிருந்து சிகரெட்டோடு வெளியே வரும் ஆட்களிடம் பையன்கள் “சார், அட்டையை எனக்குக் குடுங்க” என்று கேட்டு நின்றார்கள். குழந்தைகளுக்கு நேரடியாக விற்கும் பொருளோடு சேர்த்தால் நல்லது என்று மிட்டாய்க்காரர்களுக்குத் தோன்றாமல் இருக்குமா? 1933இல் பாஸ்டனின் கவுடி நிறுவனம் ஒரு சென்ட் கம்மோடு அட்டை கொடுத்தது. 1948இல் பிலடெல்ஃபியாவின் போமன் வந்தது. 1951இல் புரூக்ளினின் டாப்ஸ் களத்தில் இறங்கி, 1956இல் போமனையே வாங்கிவிட்டது.

சில வருடங்களிலேயே நிலைமை தலைகீழானது. பையன்கள் அட்டைக்காக வாங்கினார்கள், கம் கூட வந்தது. ஆனாலும் சட்டப்படி அது கம்மாகவே இருந்தது. டாப்ஸ் ஆட்டக்காரர்களோடு போட்டிருந்த ஒப்பந்தங்கள் மிட்டாயோடு அட்டை விற்கும் உரிமையைத் தனதாக்கி வைத்திருந்தன. ஃபிளீர் நிறுவனம் வழக்குப் போட்டு 1980இல் ஜெயித்தது. 1981இல் ஃபிளீர், டான்ரஸ் இரண்டும் கம்மோடு அட்டை கொண்டுவந்தன. அதே வருடம் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. கம்மோடு விற்கும் தனி உரிமை டாப்ஸுக்குத் திரும்பியது. மற்றவர்கள் வேறு எதையாவது வைத்து விற்றார்கள்: ஃபிளீர் அணிச் சின்ன ஒட்டுப்படம் வைத்தது, டான்ரஸ் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர் வைத்தது. எங்கள் பையன்களுக்கு மட்டும் ஏன் கம் இல்லை என்று 1982இல் கடைக்காரரைக் கேட்ட தாய்மார்களுக்கு அவர் இதையெல்லாம் எங்கே விளக்குவது?

டாப்ஸ் பாக்கெட்டில் கம் வந்த கடைசி வருடம் 1991. அட்டையில் கறை படிகிறது என்று சேகரிப்பவர்கள் சொன்ன புகார்தான் அதற்கு வேட்டு வைத்தது. அதாவது, அதற்குள் அட்டையை வாங்குகிறவர்கள் மாறியிருந்தார்கள்.

பாக்கெட்டைப் பிரிச்சா எப்படி இருக்கும்? அந்த வாசனையைப் பத்தி எல்லாரும் சொல்றாங்களே.

மெழுகு பூசிய தாள். பின்பக்கம் மடித்துச் சூடு காட்டி ஒட்டியிருக்கும். நகத்தை மடிப்புக்கு அடியில் விட்டால் கிழியாமல் திறக்கும். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தட்டைக் கம். அட்டை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு, மேலே வெள்ளையாகச் சர்க்கரைப் பொடி. பல சமயம் அது தட்டினால் ஒடியும். அந்தப் பொடி மேலட்டையில் ஒட்டியிருக்கும், பையன் சட்டையில் தேய்த்துத் துடைப்பான். கம் தொட்ட அட்டையில் பழுப்புக் கறை, தாளின் ஒட்டுப்பக்கம் இருந்த அட்டையில் மெழுகுத் தடம். மெழுகும் சர்க்கரையும் மையும் கலந்த அந்த வாசனையை இன்றும் பழைய பெட்டியைத் திறந்தால் லேசாக உணரலாம்.

கடைக்கு வெளியே படியிலேயே உட்கார்ந்து பிரிப்பார்கள், வீடுவரை பொறுமை யாருக்கு? கம் வாயில், கண் அட்டையில். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே “இருக்கு, இருக்கு, இருக்கு... இல்ல!” அந்த “இல்ல” என்ற சொல்லுக்குத்தான் சுற்றி நிற்கும் எல்லாத் தலையும் குனியும்.

வந்ததே திரும்பத் திரும்ப வந்தா என்ன பண்ணுவாங்க?

அங்கேதான் உண்மையான விளையாட்டு ஆரம்பம். முதலில் பண்டமாற்று. பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்குச் சாதாரண ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேர் என்று பேரம் நடக்கும். தெருவுக்குத் தெரு விலை மாறும். பாஸ்டனில் அந்த ஊர் அணியான ரெட் சாக்ஸின் ஆட்டக்காரருக்கு மதிப்பு, அதே அட்டை டெட்ராய்டில் சும்மா. பேரம் பேசியே வளர்ந்தவர்கள் இவர்கள்.

அடுத்தது அட்டையை வைத்தே ஆட்டம். இடுப்பு உயரத்திலிருந்து ஒருவன் அட்டையைச் சுழற்றி விடுவான். படம் மேலே விழுந்ததா, எழுத்து மேலே விழுந்ததா என்று பார்த்து, அடுத்தவன் அதேபோல் விழவைக்க வேண்டும். விழுந்தால் இரண்டும் அவனுக்கு. இன்னொன்றில், சுவரில் அட்டைகளைச் சாய்த்து நிறுத்தித் தூரத்திலிருந்து வேறு அட்டையை வீசி விழுத்த வேண்டும். பள்ளி மைதானத்தில் காலையில் ஒரு கட்டோடு போனவன் மாலையில் வெறுங்கையோடு வருவான். எதற்கும் உதவாத அட்டையைத் துணி கவ்வியால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டினால் மோட்டார் சைக்கிள் மாதிரி படபடவென்று சத்தம் வரும்.

ஆட்டக்காரர் அணி மாறிவிட்டால் பழைய அணியின் பெயரைப் பேனாவால் அடித்துப் புதிய பெயரை எழுதிவைத்தவர்களும் உண்டு. அப்படி எழுதிய அட்டை என்னிடம் சில இருக்கின்றன. சந்தையில் அவற்றுக்கு மதிப்பே இல்லை. நான் விற்கமாட்டேன். ஒரு குழந்தை அந்த அட்டையை எவ்வளவு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டது என்பதற்கு அந்தக் கிறுக்கல்தான் சாட்சி.

முழு செட்டையும் யாராவது சேர்த்தாங்களா?

மிகச் சிலர். பாக்கெட்டில் என்ன வரும் என்பது தெரியாததால் மட்டுமல்ல, வெளியிட்ட முறையும் அப்படி. 1973 வரை டாப்ஸ் ஒரு வருடத்து அட்டைகளைத் தொடர் தொடராக, வசந்தத்திலிருந்து செப்டம்பர் வரை இறக்கியது. கடைசித் தொடர் வரும்போது பள்ளி திறந்திருக்கும், அமெரிக்கக் கால்பந்து அட்டை வந்திருக்கும், கடைக்காரரிடம் பழைய தொடரே மீதம் இருக்கும். புதிய பெட்டியை அவர் ஏன் வாங்குவார்? அதனால் பெரிய எண்ணுள்ள அட்டைகளைக் கடையில் கண்ணால் கண்ட பையன்களே குறைவு. 1974 முதல்தான் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெளியிட்டார்கள்.

வேண்டுமென்றே விட்டதும் உண்டு. 1933 கவுடி செட்டில் 106ஆம் எண் அட்டையே அச்சாகவில்லை. பையன்கள் அதைத் தேடித் தேடிக் கம் வாங்கினார்கள். புகார்க் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும், 1934இல் நாப் லாஜவே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டு அனுப்பினார்கள். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு சென்ட்டே பெரிதாக இருந்த குழந்தைகளிடம் இப்படிச் செய்ததை என்னால் வியாபார உத்தி என்று பாராட்ட முடியவில்லை.

பொண்ணுங்க வாங்கினாங்களா, இல்ல பசங்க மட்டும்தானா?

வாங்கினார்கள். எண்ணிக்கையில் பையன்களே அதிகம், விளம்பரமும் அவர்களை நோக்கித்தான். ஆனால் அண்ணனிடமிருந்து ஆட்டத்தில் ஜெயித்து முழுப் பெட்டியையும் கைப்பற்றிய தங்கைகளின் கதையை அட்டைச் சந்தைகளில் நிறையக் கேட்கலாம்.

“எங்கம்மா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க”ன்னு எல்லாருமே சொல்றாங்க சார். நிஜமா, இல்ல கதையா?

பெரும்பாலும் நிஜம். பையன் கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனான், வீடு மாற்றினார்கள், ஷூ பெட்டி குப்பைக்குப் போனது. அதில் அம்மாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மூலை மழுங்கி, நடுவில் மடிந்து, கம் கறையோடு இருந்த மிட்டாய்ச் சரக்கு அது. மகன் அதைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். மீதியைச் சைக்கிள் சக்கரமும் பள்ளி மைதானமும் தின்றிருக்கும்.

இன்று 1950களின் அட்டை நல்ல நிலையில் அரிதாக இருப்பதற்குக் காரணமே, அன்று யாரும் அதைப் பொக்கிஷமாக நினைக்காததுதான். எல்லா அம்மாக்களும் பத்திரப்படுத்தியிருந்தால் விலையே இருந்திருக்காது. இதை நினைவில் வையுங்கள், 1980களின் அட்டை பற்றிய கேள்விக்கு உதவும்.

1952 மிக்கி மேன்டில் கார்டு ஏன் அவ்வளவு விலை? அதுதான் முதல் கார்டா?

மேன்டில் அந்தக் காலத்தின் பெரிய பேஸ்பால் நட்சத்திரம். அவருடைய முதல் அட்டை அது இல்லை, 1951 போமன் அட்டைதான் முதல். 1952 டாப்ஸில் மேன்டிலின் எண் 311. மேலே சொன்ன கடைசித் தொடரின் முதல் எண் அதுதான். அடுத்த எண் 312, இன்னொரு பெரிய ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சன். அந்தத் தொடர் காலம் கடந்து வந்ததால் கடைகளில் சரியாகப் போகவில்லை. டாப்ஸின் கிடங்கில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னபடி, எங்கெங்கோ மலிவாகத் தள்ளப் பார்த்து முடியாமல், 1960இல் நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் குப்பைப் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டினார்.

ஆனால் அரிது என்பது மட்டும் விலைக்குக் காரணம் இல்லை. அந்தத் தொடரில் மேன்டிலும் ராபின்சனும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அச்சானவர்கள். அதே தொடரின் சாதாரண ஆட்டக்காரர் அட்டைகள் அதைவிடக் குறைவு. வித்தியாசம் ஆசையில்தான். நியூயார்க் யாங்கீஸின் மேன்டிலைப் பார்த்து வளர்ந்த பையன்கள் 1980களில் கையில் பணமுள்ள நாற்பது வயதுக்காரர்கள் ஆனார்கள். கடையில் கிடைக்காமல் போனதைத் தேடி வாங்கினார்கள். ஒருவர் 1991இல் 50,000 டாலருக்கு வாங்கிய பிரதி, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நாங்க வாங்கின வீட்டுப் பரண்ல பெட்டி நிறைய 1988, 89 கார்டு இருந்துச்சு. வித்தா வீட்டுக்கடன் அடையுமா?

அடையாது. வீட்டுக்கடனை விடுங்கள், பல பெட்டிகளுக்குத் தபால் செலவு தேறுவதே சிரமம். 1980களின் தொடக்கத்தில் விலைப் பட்டியல் பத்திரிகைகள் வந்தன. பழைய அட்டைகளின் விலை செய்தித்தாளில் அடிபட்டது. அப்பாக்கள் பெட்டி பெட்டியாக வாங்கி மகனின் கல்லூரிப் படிப்புக்கு என்று அடுக்கினார்கள். நிறுவனங்களும் அச்சிட்டுத் தள்ளின. ஏறக்குறைய 1986 முதல் 1993 வரை அச்சான அட்டைகள் அளவுக்கு மீறியவை, ஒருவரும் எதையும் தூக்கிப் போடவில்லை. “எங்கம்மா” கேள்விக்குச் சொன்ன பதிலைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது இதுதான்.

விதிவிலக்கு சிலவே. அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 செட்டில் முதல் எண்ணான, அப்போது புதிதாக வந்த ஆட்டக்காரர் கென் கிரிஃபி ஜூனியரின் அட்டை அப்பழுக்கில்லாமல் இருந்தால் இன்றும் நல்ல விலை உண்டு. அதைத் தேடிப் பாருங்கள். மீதியை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தால், அட்டை எதற்காக உண்டானதோ அதற்குப் பயன்படும்.

சரி, 1950, 60 கார்டு மாதிரி இருந்தா? உடனே என்ன செய்யணும்?

முதலில் எதுவும் செய்யாதீர்கள். துடைக்க வேண்டாம், மடிப்பை நீவ வேண்டாம், ஓரத்தை வெட்டிச் சரிசெய்யவே வேண்டாம். ரப்பர் பேண்ட் அட்டையோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் கத்தரித்து மெல்ல எடுங்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள், பரணில் திரும்ப வைக்காதீர்கள்.

பிறகு அளவைப் பாருங்கள். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் அட்டை கொஞ்சம் பெரிது, 2⅝க்கு 3¾ அங்குலம். அதே வருடப் படம் சின்ன அளவில் இருந்தால் அது பின்னாளில் வந்த மறுபதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்பக்க மூலையில் மறுபதிப்பு என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய பெயர்கள் கிடைத்தால் பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம். சாதாரண அட்டைக்கு அந்தக் கட்டணமே நஷ்டம். செட்டில் உள்ள அட்டைகளின் பட்டியலை அச்சிட்ட செக்லிஸ்ட் அட்டை பென்சில் குறி எதுவும் இல்லாமல் கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். எந்தக் குழந்தையும் ‘டிக்’ போடாத செக்லிஸ்ட் அபூர்வம்.

பிரிக்காத பழைய பாக்கெட் ஆன்லைன்ல விக்கிறாங்க. வாங்கலாமா? உள்ள இருக்கிற கம்மைத் தின்னலாமா?

கம்மைத் தின்னாதீர்கள். நாற்பது வருடப் பழைய கம் வாயில் தூளாகிவிடும், சுவையும் இருக்காது.

வாங்குவதைப் பொறுத்தவரை, மெழுகுத்தாள் எவ்வளவு எளிதாகத் திறக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதே எளிமையோடு மீண்டும் சூடுவைத்து ஒட்டவும் முடியும். நல்ல அட்டையை எடுத்துவிட்டு ஒட்டி விற்கும் மோசடி இந்தத் துறையில் பழையது. சரிபார்த்துச் சான்று கொடுத்த பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். 1980களின் கடைசி வருடங்களின் பாக்கெட் மலிவு, அதில் யாரும் மெனக்கெட்டு ஏமாற்றமாட்டார்கள். பிரிக்கிற சுகம் வேண்டுமென்றால் அதுவே போதும்.

இப்ப தெருமுனைக் கடையில ஏன் கிடைக்கிறதில்ல?

மெல்ல மெல்ல நகர்ந்தது. 1980களில் அட்டைக்கென்றே தனிக் கடைகள் முளைத்தன. 1989இல் அப்பர் டெக் பளபளப்பான உறையில், போலியைத் தடுக்கும் ஹோலோகிராமோடு, கிட்டத்தட்ட ஒரு டாலருக்குப் பாக்கெட் விற்றது. சில்லறை விலை என்ற நிலை அங்கே உடைந்தது. அடுத்த வருடமே பழைய நட்சத்திரம் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 அட்டைகளைப் பாக்கெட்டுகளில் கலந்துவிட்டார்கள். மற்றவர்களும் அதைப் பின்பற்ற, செட்டைச் சேர்ப்பது போய் அபூர்வத்தைத் துரத்துவது வந்தது. 1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த வருடத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரே ரத்தானது. கோபித்துக்கொண்ட குழந்தைகளில் பலர் திரும்பி வரவில்லை. மிட்டாய்க்கடைகளும் அதற்குள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டிருந்தன.

2021 மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் டார்கெட் என்ற பெரிய அங்காடி ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் அட்டைக்காகச் சண்டை வந்து, ஒருவர் துப்பாக்கியை எடுக்கும் அளவுக்குப் போனது. டார்கெட் கடைகள் சில காலம் விற்பனையை நிறுத்தின. அங்கே அடித்துக்கொண்டவர்கள் பெரியவர்கள். குழந்தைகள் வாங்கிய ஒரு சாமானை நாம் பெரியவர்கள் எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டோம் என்று அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

என் பையன் வாங்கித் தரச் சொல்றான். ஆனா இது ஒரு மாதிரி சூதாட்டம்தானே?

நியாயமான கவலை. அபூர்வ அட்டை வரலாம் என்ற ஆசையைக் காட்டி விற்பது சூதாட்டம் என்று 1990களில் இங்கே வழக்குகளும் போட்டார்கள். கொடுத்த காசுக்கு அட்டை கிடைத்துவிடுகிறது என்ற வாதத்தால் அவை பெரும்பாலும் நிற்கவில்லை. ஆனால் சட்டம் ஒன்று, வீட்டில் நாம் பார்ப்பது வேறு. பழைய பாக்கெட்டிலும் குருட்டு யோகம் இருந்தது. தோற்றால் போனது ஐந்து சென்ட், கையில் மீந்தது விளையாட ஐந்தாறு அட்டை. இன்றைய பாக்கெட்டுகளில் சில நூற்றுக்கணக்கான டாலர். தோற்றால் வலிக்கும், ஜெயித்தால் உடனே விற்கத் தோன்றும்.

என் யோசனை: மலிவான அடிப்படைத் தொடர் பாக்கெட் மட்டும், அதுவும் அவன் சொந்தக் கைச்செலவில். மறுவிலையைக் கைப்பேசியில் தேடும் பழக்கத்தை வீட்டில் ஆரம்பிக்காதீர்கள். கூடப் பண்டமாற்றுச் செய்ய ஒரு நண்பன் இருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால் வாங்கிக் கொடுங்கள். தனியாக அறையில் உட்கார்ந்து பிரிப்பான் என்றால் நான் வாங்கிக் கொடுக்கமாட்டேன்.

எங்க டீம்ல ஒருத்தர் ரிட்டயர் ஆகுறார். எப்பவும் இந்தக் கடைக் கதைதான் சொல்வார். பரிசா ஒரு கார்டு குடுக்கலாமா? எதை வாங்குறது?

அருமையான யோசனை, செலவும் அதிகம் இல்லை. அவர் எந்த ஊரில் வளர்ந்தார், அவருக்குப் பத்து வயது எந்த வருடம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வருடத்து டாப்ஸ் செட்டில் அந்த ஊர் அணியின் அட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். 1970களாக இருந்தால், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத அணி ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுக்குள் முடியும். மூலை மழுங்கிய அட்டையாகவே வாங்குங்கள். அவர் கையில் எடுத்துப் பார்க்கத் தயங்கமாட்டார், விலையும் பாதிக்குப் பாதி. தரச்சான்று போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்ததை வாங்காதீர்கள், அதைப் பின்பக்கம் திருப்பிச் சராசரியைப் படிப்பதில் சுகம் இல்லை.

முடிந்தால், பேச்சோடு பேச்சாக, கடைசிவரை கிடைக்காத அட்டை எது என்று கேட்டுவையுங்கள். உடனே பதில் வரும். பெரும்பாலும் அது நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு சாதாரண ஆட்டக்காரராக இருப்பார், ஓரிரண்டு டாலருக்குக் கிடைப்பார். அந்த ஒன்றைக் கட்டின் நடுவில் வைத்துக் கொடுங்கள், மேலே வைக்காதீர்கள்.